ஊரின் விலையும் விசாவின் விலையும்

துபாயில் வேலை கிடைத்துப் புறப்படுகிறவர், அங்கே ஏற்கெனவே பத்து வருடம் இருந்தவரைத் தேடிப்போய் முதலில் கேட்பது, "நாலாயிரம் திர்ஹம் சம்பளம். போதுமா அண்ணே?" என்பதுதான். அனுபவசாலி போதும் என்றோ போதாது என்றோ சொல்லிவிட மாட்டார். திருப்பி மூன்று கேள்வி கேட்பார். "ரூம் கம்பெனி கொடுக்குதா? ஃபேமிலியைக் கூட்டிக்கிட்டுப் போறியா? கடன் வாங்கித்தான் போறியா?" அரிசி விலை, பால் விலை பற்றி அவர் பேச்சே எடுப்பதில்லை.

அந்த மூன்று கேள்விகளுக்குள் ஒரு முழுப் பொருளாதாரம் இருக்கிறது. வெளிநாட்டில் பிழைப்பவரின் அன்றாடச் செலவில் கடைவீதியின் பங்கு சிறிதுதான். அவர் எந்த வகை விசாவில் இருக்கிறார், வாடகையை யார் கட்டுகிறார், குடும்பம் எங்கே இருக்கிறது, எவ்வளவு கடனோடு விமானம் ஏறினார் என்பவையே மீதியைத் தீர்மானிக்கின்றன. ஒரே மளிகைக் கடையில் சாமான் வாங்கும் இருவரின் மாதச் செலவு நான்கைந்து மடங்கு வேறுபடலாம். எந்த ஊருக்கும் ஒரு விலைவாசி உண்டு. ஆனால் அயலார் கட்டுவது பெரும்பாலும் அவருடைய விசாவின் விலையை.

2015ஆம் ஆண்டு நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் ஏறத்தாழ 22 லட்சம் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகியவை முதல் மூன்று இடங்களில் இருந்தன. ஆகவே இந்தக் கட்டுரை துபாயை நடுவில் வைத்து, சவூதி, குவைத், சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

பட்டியல்கள் யாருக்காக?

"உலகிலேயே செலவு மிகுந்த நகரம்" என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் ஒரு பட்டியல் வரும். அவற்றுள் பெயர்பெற்றது மெர்சர் நிறுவனத்தினுடையது. 200க்கும் மேற்பட்ட நகரங்களில் வாடகை, போக்குவரத்து, உணவு, உடை, பொழுதுபோக்கு என 200க்கும் மேற்பட்ட இனங்களின் விலையைத் திரட்டி, நியூயார்க்கை அளவுகோலாக வைத்து அது வரிசைப்படுத்துகிறது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஹாங்காங்குக்குத்தான் முதலிடம். கடைசி இரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூர் அடுத்ததாக வந்தது.

இந்தப் பட்டியல் எதற்காகத் தயாராகிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் அதிகாரியை வேறு நாட்டுக்கு மாற்றும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவுசெய்வதற்கான கருவி அது. அந்த அதிகாரிக்கு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் ஊருக்கு வந்துபோகும் விமானச் சீட்டையும் நிறுவனமே கொடுத்துவிடும். அவருக்கு அந்தப் பட்டியல் பொருந்தும். மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அங்கோலாவின் தலைநகரான லுவாண்டா காட்டிக்கொடுக்கிறது.

2010இலும் 2011இலும், பிறகு 2013, 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளிலும் மெர்சர் பட்டியலில் முதலிடம் லுவாண்டாவுக்குத்தான். ஹாங்காங்கையும் டோக்கியோவையும் விடச் செலவு மிகுந்த ஊராக ஓர் ஆப்பிரிக்கத் துறைமுகம் இருந்தது எப்படி? 2002 வரை நீண்ட உள்நாட்டுப் போர் அங்கே சாலைகளையும் வயல்களையும் சிதைத்திருந்தது. போர் முடிந்ததும் எண்ணெய்ப் பணம் கொட்டியது. எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகளுக்கு வேண்டிய காவலுள்ள வீடுகள் சிலவே இருந்தன. அவர்கள் உண்ணும் பொருள்கள் கப்பலில் வந்தன. அதே ஊரின் குடிசைப் பகுதிகளில் இருந்த பெரும்பான்மை மக்கள் அந்த விலைகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எண்ணெய் விலை வீழ்ந்து, அரசு 2018இல் உள்ளூர் நாணயமான குவான்சாவின் மதிப்பைச் சரியவிட்டபோது, முதலிடம் ஹாங்காங்குக்குப் போயிற்று. லுவாண்டாவின் ஏழைகளுக்கு அந்த ஆண்டு ஊர் மலிவாகிவிடவில்லை. இறக்குமதி விலை ஏறி, அவர்கள் பாடு மோசமாயிற்று.

ஒரு நகரத்துக்குள்ளேயே பல விலைவாசிகள் உண்டு. பட்டியல் அவற்றில் ஒன்றைத்தான் அளக்கிறது.

ஒரே துபாய், மூன்று வாழ்க்கைகள்

முதல் வாழ்க்கை கேம்ப்பில். சோனாபூரிலோ அல் கூஸிலோ நிறுவனம் கொடுக்கும் தங்குமிடம், வேலையிடத்துக்குப் போய்வர நிறுவனத்தின் பஸ். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மாதம் 2,000 திர்ஹத்துக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குத் தங்குமிடம் இலவசமாகத் தர வேண்டும் என்று 2016இல் அமீரக அரசு விதி கொண்டுவந்தது. கேம்ப்வாசிக்கு வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை. சாப்பாடு, தொலைபேசி, சோப்பு, இவ்வளவுதான் செலவு. மெர்சர் பட்டியலில் துபாய் எங்கே நின்றாலும் அவருக்கு அது செலவு குறைந்த ஊர். வரவும் குறைவு என்பதுதான் சங்கடம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அமீரகத்தில் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வரையறுக்கப்படவில்லை. கத்தார் 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் என்று நிர்ணயித்து, தங்குமிடமும் உணவும் கொடுக்காத முதலாளி அவற்றுக்கு முறையே 500, 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. தொழிலாளியின் வாழ்க்கைச் செலவை உணவு, படுக்கை, கையிருப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்த சட்டம் அது.

இரண்டாவது வாழ்க்கை பெட் ஸ்பேஸில். கடைச் சிப்பந்தி, ஓட்டுநர், கணக்கர், வேலை தேடி விசிட் விசாவில் வந்தவர் என்று பலரும் தேய்ரா, சத்வா, கராமா போன்ற பழைய பகுதிகளில் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்துகொள்கிறார்கள். மாடிக் கட்டில் போட்டு ஆறு பேர், எட்டு பேர் இருப்பதும் உண்டு. பலகைத் தடுப்பு வைத்து ஹாலை அறையாக்கினால் அது 'பார்ட்டிஷன்'. நகராட்சி அனுமதியில்லாத தடுப்புகளை அகற்ற 2025இல் அதிகாரிகள் பல பகுதிகளில் சோதனை நடத்தியபோது, அந்தப் படுக்கைகளை நம்பியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. பெட் ஸ்பேஸ்காரருக்குச் சாப்பாடு மெஸ்ஸில். மாதத் தொகை கட்டினால் மூன்று வேளையும் சோறும் குழம்பும் டிபன் கேரியரில் வந்துவிடும். வெள்ளிக்கிழமை பிரியாணி. ராத்திரிக்குக் குப்பூஸும் பருப்பும் போதும் என்பவருக்கு இன்னும் குறையும். படுக்கை, மெஸ், போன், மெட்ரோவுக்கு நோல் கார்டு என்று அவருடைய மாதச் செலவு நாலே வரியில் முடிந்துவிடும்.

மூன்றாவது வாழ்க்கை குடும்பத்தோடு. மனைவி மக்களை அழைத்துவர 4,000 திர்ஹம் சம்பளமோ, தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளமோ இருந்தால் போதும் என்கிறது அமீரக விதி. இது அனுமதிக்கான வாசல் மட்டுமே. அந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியுமா என்பதை விதி சொல்வதில்லை. நாலாயிரத்தில் பெட் ஸ்பேஸ்காரர் ராஜா. அதே நாலாயிரத்தில் குடும்பஸ்தர் மாதக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பவர். சம்பளம் ஒன்று, ஊர் ஒன்று, கடைவீதி ஒன்று. இடையில் மாறியது அந்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களின் எண்ணிக்கை.

சாவி வாங்கும் நாள்

குடும்பஸ்தரின் செலவு எங்கே பெருக்கெடுக்கிறது என்பதை வாடகை வீடு பிடிக்கும் ஒரு நாளை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு படுக்கையறை வீட்டின் ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் வாடகை மாதாமாதம் கட்டுவது வழக்கமில்லை. ஆண்டு முழுவதற்குமான வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு எனப் பின்தேதியிட்ட செக்குகளாக முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான்கு செக்குக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் முதல் செக் 15,000. தரகர் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,000. முன்பணமும் 5 சதவீதம், இன்னொரு 3,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 2,000. ஆக, சாமான் ஒன்றும் வாங்காமல் வெறும் சாவியைக் கையில் வாங்க 23,000 திர்ஹம் வேண்டும். ஒப்பந்தத்தை அரசின் 'எஜாரி' பதிவேட்டில் பதிவதற்கும் தரகர் கமிஷன் மீதான வாட் வரிக்கும் சில நூறு தனி.

நாலாயிரம், ஐயாயிரம் சம்பளக்காரரிடம் இந்தத் தொகை ஒரே நாளில் இருக்குமா? பெரும்பாலும் வங்கிக் கடன், நண்பர்களிடம் கைமாற்று, இல்லையென்றால் சீட்டு எடுத்த பணம். செக் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயமும் வாடகையோடு சேர்ந்தே வரும். 2022 தொடக்கத்தில் சட்டம் மாறும் வரை, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது போலீஸ் வழக்காகிச் சிறை வரை போகக்கூடிய குற்றம். இப்போது மோசடி போன்ற சில வகைகளைத் தவிர மற்றவை சிவில் விவகாரம்.

மாதாந்திர மின்கட்டண ரசீதில் 'ஹவுசிங் ஃபீ' என்று ஒரு வரி இருக்கும். ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை நகராட்சி 12 மாதங்களாகப் பிரித்து வாங்குகிறது. 60,000 வாடகைக்கு மாதம் 250 திர்ஹம். வருமான வரி இல்லாத நாடு என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இந்த வரியைப் பார்க்கும்போது கொஞ்சம் யோசிப்பார். கோடையில் ஏசி ஓடும் மாதங்களில் ரசீது எகிறும். ஏசிக்குத் தனி நிறுவனம் குளிர்நீர் அனுப்பும் கட்டடமாக இருந்தால் 'சில்லர்' கட்டணம் வேறு. அதனால்தான் வீடு பார்க்கப் போகும் பழம்பெருச்சாளிகள் "சில்லர் ஃப்ரீயா?" என்று வாடகைக்கு முன்பே கேட்கிறார்கள்.

வாடகை ஏற்றத்துக்கு வரம்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணைப்படி, இப்போதைய வாடகை சந்தை வாடகையைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றமே கூடாது. அதற்குமேல் இடைவெளிக்கு ஏற்ப 5இல் தொடங்கி 20 சதவீதம் வரை ஏற்றலாம். நல்ல விதிதான். ஆனால் அது காப்பது இருப்பவரை. புதிதாக வருபவர் அன்றைய சந்தை விலையைத்தான் கொடுக்க வேண்டும். 2021க்குப் பிறகு வாடகை வேகமாக ஏறியபோது, ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளுக்கு இருவேறு வாடகை என்ற நிலை வந்தது. பழைய குடித்தனக்காரர் வீட்டை விட்டு நகரப் பயப்படுகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடம் தொலைவாகிவிட்டாலும் அங்கேயே இருக்கிறார்.

தப்பிக்க ஷார்ஜாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். வாடகை குறையும். காலையும் மாலையும் துபாய் – ஷார்ஜா சாலை நெரிசலில் போகும் மணிநேரங்களுக்கு விலை போட்டுப் பார்ப்பவர் குறைவு. பெட்ரோலோடு 'சாலிக்' என்னும் சுங்கமும் உண்டு. 2007இல் 4 திர்ஹமாக வந்த அது, 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம். போக ஒரு வாயில், வர ஒரு வாயில் என்று 22 வேலைநாள் கடந்தால் மாதம் 264 திர்ஹம்.

குடிமகனுக்கு ஒரு விலை, வந்தவனுக்கு ஒரு விலை

வாடகையையாவது சந்தையின் விளையாட்டு எனலாம். அரசே வெளிப்படையாக இரண்டு விலை வைக்கும் இடங்களில்தான் விசாவின் விலை துலக்கமாகத் தெரிகிறது.

அபுதாபியில் மின்சாரத்தின் முதல் படிக்கு அமீரகக் குடிமகன் யூனிட்டுக்கு 6.7 ஃபில்ஸ் (நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்) கொடுக்கிறார். அதே கம்பியில் வரும் அதே மின்சாரத்துக்கு வெளிநாட்டவர் கொடுப்பது 26.8 ஃபில்ஸ். சரியாக நான்கு மடங்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு அவருக்கு 2.09 திர்ஹம், இவருக்கு 7.84.

சவூதி அரேபியா 2017 ஜூலையில் குடும்ப உறுப்பினருக்குத் தலைவரி போன்ற ஒரு கட்டணத்தைக் கொண்டுவந்தது. தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி, 2020 ஜூலையில் 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14,400 ரியால். இக்காமா என்னும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். அதே 2020 ஜூலையில் வாட் வரி 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. ரியாத்திலும் ஜித்தாவிலும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போனதும், குடும்பத் தலைவர்கள் மறுபடியும் பேச்சிலர் ரூமுக்குத் திரும்பியதும் அந்த ஆண்டுகளின் கதை. அரிசி விலை அவர்களைத் துரத்தவில்லை. ஒரு கட்டண அட்டவணை துரத்தியது. குவைத்தோ வாசலையே உயர்த்தியது. 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது, 800 தினார் சம்பளம் வேண்டும் என்றது. சாதாரணக் கடைச் சம்பளத்துக்கு அது எட்டாத உயரம்.

சிங்கப்பூரில் இது இன்னும் நுணுக்கமான படிக்கட்டு. கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்குக் குடும்பத்தை அழைத்துவரும் உரிமையே இல்லை. அவருக்காக முதலாளி அரசுக்கு மாதந்தோறும் தீர்வை கட்டுகிறார். 2024 முதல் கட்டுமானத் துறையில் திறன் தகுதிக்கேற்ப அது 500 அல்லது 900 சிங்கப்பூர் வெள்ளி. அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் முதலாளி மனத்தில் வைத்திருக்கும் மொத்தச் செலவில் அதுவும் ஒரு பகுதி என்பதால், சம்பளம் பேசும்போதே அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. மேல்படியில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருபவர் குடும்பத்தை அழைக்க 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். அவர் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தால், ஆசியான் அல்லாத நாட்டவர் என்பதால் மாதம் 800 வெள்ளிக்கு மேல் கட்டணம். பக்கத்து இருக்கையில் இருக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, சில வெள்ளி பல்வகைச் செலவு மட்டும். வீடு வாங்க நினைத்தால், வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதம். முதல் வீடு வாங்கும் குடிமகனுக்கு அது கிடையாது. உணவங்காடியில் தட்டுச் சோறு மட்டும் இருவருக்கும் ஒரே விலை.

மேற்கு நாடுகளில் பாகுபாடு இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் வேலை விசாவில் இருப்பவர் வருமான வரியும் தேசியக் காப்பீடும் உள்ளூர்க்காரரைப் போலவே கட்டுகிறார். அதற்குமேல் குடிவரவு மருத்துவக் கூடுதல் கட்டணம் வேறு. 2024 பிப்ரவரி முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, சிறுவருக்கு 776. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 3,622 பவுண்டு. மூன்று ஆண்டு விசாவுக்கு 10,866 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குப் போகிறது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டு உழைப்பு வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் உடன்படிக்கை இல்லாததால், எட்டாண்டு வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பும் பொறியாளர் கட்டியது கட்டியதுதான்.

இதை அநீதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் சரியில்லை. வளைகுடா நாடுகள் எண்ணெய் வருவாயைத் தம் குடிமக்களின் சொத்தாகக் கருதுகின்றன. மலிவு மின்சாரமும் இலவசக் கல்வியும் அந்தச் சொத்தின் பங்கு. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் அயலாராக இருக்கும் அமீரகம் எல்லோருக்கும் மானியம் கொடுத்தால் கணக்கு வேறாகிவிடும். வந்தவர்களும் இதை அறிந்தே வருகிறார்கள். ஆனால் புறப்படும் முன் செலவை மதிப்பிடுகிறவர், உள்ளூர்க்காரரின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிள்ளையும் மருந்தும்

துபாயில் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருப்பவற்றில் கட்டணம் குறைந்தவை. பிரிட்டிஷ், பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் அது பல மடங்கு. கட்டண உயர்வை அரசின் கல்வி ஆணையம் ஆண்டுதோறும் ஒரு குறியீட்டோடு கட்டிப்போடுகிறது. 2025–26க்கு அந்த வரம்பு 2.35 சதவீதம். ஆனால் பள்ளிப் பேருந்து, சீருடை, புத்தகம் என்று கட்டணத்துக்கு வெளியே நிற்பவை நிறைய. ஒரு பிள்ளையோடு சமாளித்துவிட்ட குடும்பம் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது திணறுவதும், தாயும் பிள்ளைகளும் ஊர் திரும்புவதும் இதனால்தான். பல வீடுகளில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று ஒரு கெடு மனத்துக்குள் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டை துபாய் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஊழியருக்கு முதலாளி கட்டுகிறார். மனைவி மக்களுக்கு ஊழியரே கட்ட வேண்டும். அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் ஒரு பங்கை நாமே கொடுக்க வேண்டும். பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. எனவே பல்வலியைப் பொறுத்துக்கொண்டு, லீவில் ஊருக்கு வந்து பல் பிடுங்குவது நம்மவர் நடைமுறை.

மலிவாக இருப்பது எப்படி மலிவானது?

வளைகுடாவில் மலிவானவையும் உண்டு. காய்கறி, கோழி, பருப்பு, முட்டை எல்லாம் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பாரமில்லை. எண்ணெய், முட்டை, பால், அரிசி, சர்க்கரை, கோழி, பருப்பு, ரொட்டி, கோதுமை ஆகிய ஒன்பதின் விலையை அனுமதியின்றி ஏற்ற முடியாதபடி அமீரகம் 2025 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டு வாடகைக்கு வாட் இல்லை. மெட்ரோவில் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம்தான்.

இவற்றைவிடச் சுவையானது முடிவெட்டும் கூலி. பணக்கார நாடுகளில் கைப்பேசி விலை நம்மூர் விலையை ஒட்டியே இருக்கும், முடிவெட்டும் கூலி பல மடங்காக இருக்கும் என்பது பொருளாதாரப் பாடம். லண்டனில் கத்தரி பிடிப்பவர் லண்டன் வாடகை கட்ட வேண்டுமே! துபாயில் அந்தப் பாடம் பாதிதான் பலிக்கிறது. அங்கே கத்தரி பிடிப்பவரும் நம்மைப்போல வந்தவர். எட்டுப் பேர் இருக்கும் அறையில் படுத்து, குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர். சலூன், சலவைக்கடை, டீக்கடை, டாக்சி ஆகியவற்றின் மலிவு, ஒரு வந்தேறி இன்னொரு வந்தேறிக்கு அளிக்கும் தள்ளுபடி.

பெருக்கல் வியாதி

வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும். ஒன்றரை திர்ஹம் டீயைக் குடிக்கும் முன் 23ஆல் பெருக்கி, 35 ரூபாயா என்று மலைப்பார்கள். அதே பெருக்கலைச் சம்பளத்துக்கும் போட்டு, ஊரில் இருப்பவர்கள் அவரை லட்சாதிபதி என்பார்கள். இரண்டும் பிழை. அங்கேயே செலவாகும் திர்ஹம் திர்ஹமாகவே சாகிறது. ஊருக்கு அனுப்பும் திர்ஹம் மட்டுமே ரூபாயாகப் பிறக்கிறது.

திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாயை ஒட்டி இருந்தது, திர்ஹம் சுமார் 11 ரூபாய். 2025இல் டாலர் 85ஐத் தாண்டி, திர்ஹம் 23 ரூபாய்க்கு மேல். ஒரு கற்பனைக் கணக்கு: 3,000 சம்பளத்தில் 1,200 செலவுபோக 1,800 அனுப்பும் பேச்சிலரின் பணம், ஊரில் 19,800 ரூபாயாக இருந்தது 41,400 ஆகியிருக்கும். 8,000 சம்பாதித்து 800 மட்டும் அனுப்பும் குடும்பஸ்தருக்கு அது 8,800இலிருந்து 18,400 வரைதான் ஏறியிருக்கும். ரூபாய் விழும்போதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்கும் வரிசையில் பேச்சிலர்களே மிகுதி என்பதில் வியப்பில்லை. ஊரில் இதே காலத்தில் மனை விலையும் கல்லூரிக் கட்டணமும் கல்யாணச் செலவும் எவ்வளவு ஏறின என்று வைத்துப் பார்த்தால், அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

2024இல் இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2023–24க்கான ரிசர்வ் வங்கி ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு திர்ஹமும் செலவுக் கணக்கிலிருந்து பிடுங்கி அனுப்பப்பட்டது. ஒருவர் நூறு அனுப்பினாலும் ஆயிரம் அனுப்பினாலும் அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றே என்பதால், சிறிய தொகைக்காரருக்கே அந்தச் சுமை கூடுதல்.

ஊரில் ஆகும் வெளிநாட்டுச் செலவு

எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத செலவு ஒன்று உண்டு. அது நடப்பது ஊரில். முதலாவது, போவதற்கு வாங்கிய கடன். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்கிறது இந்திய விதி. விசாவுக்கு என்று கைமாறும் தொகை அதைவிடப் பல மடங்காக இருப்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கியவர் வட்டி மட்டும் மாதம் 4,500 ரூபாய் கட்ட வேண்டும். அது ஏறத்தாழ 195 திர்ஹம். சம்பளம் 1,200 என்றால் ஆறில் ஒரு பங்கு, சோற்றில் கை வைக்கும் முன்பே போயிற்று. அவருடைய வாழ்க்கைச் செலவில் பெரிய இனங்களில் ஒன்று ஊர் வட்டிக்கடைதான்.

இரண்டாவது, சபுராளி (வெளிநாட்டில் பிழைப்பவர்) என்ற பெயருக்கு ஊர் வைத்திருக்கும் விலை. லீவு பள்ளி விடுமுறையோடு ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வரும். விமானக் கட்டணமும் அப்போதுதான் உச்சிக்குப் போகும். கையில் சென்ட், பால்பவுடர், கோடாலித் தைலம், பிள்ளைகளுக்குச் சாக்லேட், போதாததற்குக் கப்பல் கார்கோவில் ஒரு பெட்டி. இறங்கியதும் கோயில் கொடை வரி, பள்ளிவாசல் நன்கொடை, சொந்தத்தில் கல்யாண மொய். உள்ளூர்க்காரருக்கு ஒரு தொகை, வெளிநாட்டுக்காரருக்கு ஒரு தொகை என்று நோட்டில் எழுதியே வைத்திருப்பார்கள். அங்கே விசாவுக்குக் கொடுத்த அதே இரட்டை விலை, சொந்த ஊரிலும் காத்திருக்கிறது.

கடைசி வரவு

வளைகுடா வாழ்க்கைக்கு ஓய்வூதியம் இல்லை. வேலையை விட்டு வரும்போது கிடைப்பது கிராஜுவிட்டி. அமீரகத்தில் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லில்தான் சூட்சுமம். 4,000 திர்ஹம் சம்பளம் என்று பேசி, ஒப்பந்தத்தில் அடிப்படை 2,000, மற்றவை படி என்று எழுதியிருந்தால், பத்தாண்டுக்குக் கிடைப்பது 7,000உம் 10,000உம் சேர்த்து 17,000 திர்ஹம். ரூபாயில் நான்கு லட்சத்தை ஒட்டி வரும். பத்து வருடம் முழுக்க 4,000க்கும் கணக்குப் போட்டிருந்தால் இது இரட்டிப்பாகியிருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் இந்த வரியைப் படித்தவர் குறைவு.

ஆகவே, "நாலாயிரம் போதுமா?" என்று கேட்டு வரும் தம்பிக்கு, விலைவாசிப் பட்டியலை எடுத்துக் காட்டுவதில் பயனில்லை. ஒரு தாளில் நான்கு பத்தி போடச் சொல்லலாம். கம்பெனி கட்டுவது என்ன, விசா கேட்பது என்ன, வட்டிக்கு எவ்வளவு, மீந்தால் ஊருக்கு எவ்வளவு. நாலாவது பத்தியில் வரும் தொகையை மட்டும் 23ஆல் பெருக்கட்டும். அந்த விடையை, அவர் இங்கேயே பார்க்கக்கூடிய வேலையின் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். சிலருக்கு விடை 'போ' என்று வரும். சிலருக்கு 'தனியாகப் போ' என்று வரும். இன்னும் சிலருக்கு 'அடிப்படைச் சம்பளத்தை உயர்த்திக் கேட்டுவிட்டுப் போ' என்று வரும். அனுபவசாலி மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்வது, இந்தத் தாளை இன்னொருவருக்காக நிரப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும் என்பதால்தான்.